அக்காவின் இடுப்பில் இருக்கும் சாவி

கேள்வி: என் அக்காவுக்கு 61 வயது. 30 ஆண்டுகள் தோட்ட அலுவலகத்தில் கணக்கு எழுதியவர். ஒரு காசு பிசகினாலும் இரவு தூங்கமாட்டார். அத்தான் இறந்த பிறகு, கடைவீட்டு மாடியில் ஆசிரமம் நடத்தும் சாமி ஒருவரிடம் போய்ச் சேர்ந்து, சேமநிதிப் பணத்தில் 20,000 மலேசிய வெள்ளியையும் தாலிக்கொடியையும் கொடுத்துவிட்டார். கோயில் கட்ட வாங்கிய நன்கொடையில் சாமி தன் பெயரில் வீடு வாங்கியது தெரிந்து பாதிப்பேர் விலகிவிட்டார்கள். போலீஸ் புகாரும் ஆகியிருக்கிறது. அக்கா மட்டும் முன்னைவிட ஒரு மணி நேரம் முன்னதாகவே போகிறார். ஆசிரமச் சமையலறைச் சாவி அவர் இடுப்பில்தான் இருக்கிறது. இவ்வளவு தெரிந்த பிறகும் ஏன்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

உங்கள் அக்கா இன்னமும் கணக்குத்தான் எழுதுகிறார். சாமி போலி என்று ஒப்புக்கொண்டால், பணமும் தாலிக்கொடியும் மட்டுமல்லாமல், அத்தனை ஆண்டு விரதமும், உங்களோடு போட்ட சண்டைகளும், விதவைத் தனிமையில் கிடைத்த ஒரே ஆறுதலும் சேர்ந்து ஒரே நாளில் நட்டப் பக்கத்தில் ஏறிவிடும். சாமி நல்லவர் என்று இன்னும் ஒரு நாள் நம்பினால், அந்தப் பக்கத்தை இன்னும் ஒரு நாள் திறக்காமல் இருக்கலாம். 1959இல் அமெரிக்க உளவியலாளர்கள் அரோன்சனும் மில்ஸும் மாணவிகளை ஒரு கலந்துரையாடல் குழுவில் சேர்த்துச் சோதித்தபோது, சேருவதற்காகக் கூச்சமூட்டும் சொற்களை உரக்கப் படிக்க வேண்டியிருந்தவர்களே, பின்னர் கேட்ட சப்பென்ற உரையாடலை மற்றவர்களைவிடச் சுவையானது என்று சொன்னார்கள். பட்ட பாடு வீண் என்று சொல்ல யாருக்கும் மனம் வருவதில்லை.

என் தாய்மாமா ஒருவர் தோட்டத்தில் சீட்டுக் கட்டி ஏமாந்தவர். சீட்டுப் பிடித்தவர் இரவோடு இரவாக ஊரைவிட்டுப் போன பிறகும், ‘அவருக்கு என்ன நெருக்கடியோ’ என்று மாமா வாதாடிக்கொண்டிருந்தார். அதே சீட்டில் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து ஆறு குடும்பங்களைச் சேர்த்துவிட்டவர் அவர்தான் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. உங்கள் அக்கா யாரையெல்லாம் அங்கே அழைத்துப் போனார் என்று மெல்ல விசாரித்துப் பாருங்கள்.

படித்தவர், விவரமானவர் என்பதெல்லாம் இதில் காப்பு ஆகாது. 1995 மார்ச் 20 அன்று டோக்கியோ சுரங்க ரயிலில் ஓம் ஷின்ரிக்கியோ என்ற மதக் கூட்டத்துக்காக நச்சு வாயுவைப் பரப்பியவர்களில் இதய அறுவை மருத்துவர் ஒருவரும் இருந்தார். தலைவர் அசஹாரா 2018இல் தூக்கிலிடப்பட்ட பிறகும், பெயர் மாற்றிக்கொண்ட கிளைகள் அங்கே நீடிக்கின்றன.

நம் மக்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பெரிய ரப்பர் தோட்டங்களைக் கூறுபோட்டு விற்ற தோட்டத் துண்டாடலின்போது, உங்கள் ஊரின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, பால் வெட்டிய கைகள் சிறுகச் சிறுகக் கொடுத்த பணத்தில் தோட்டங்களே வாங்கப்பட்டன. பொதுக் காரியத்துக்குப் பணம் கொடுப்பதை ஏமாளித்தனம் என்று நான் சொல்லமாட்டேன். அந்த நல்ல பழக்கத்தைத்தான் இந்தச் சாமி காசாக்கியிருக்கிறார். தோட்டத்தை விட்டுத் தாமான் என்னும் புதுக் குடியிருப்பு வீட்டுக்கு வந்தவர்களுக்கு லயத்துப் பேச்சும் மாரியம்மன் திருவிழாவும் பந்தியில் பரிமாறும் உரிமையும் போய்விட்டன. மாடியில் இருபது பேர் அக்காவை ‘அம்மா’ என்று கூப்பிட்டுச் சோறு கேட்கிறார்கள். நீங்கள் எழுதிய சாவி அதைத்தான் சொல்கிறது.

பாதிப்பேர் விலகியதால் அக்காவும் விலகுவார் என்று எதிர்பார்த்தீர்கள். சந்தேகப்படுகிறவர்கள் போய்விட்டால், அந்த மாடியில் சந்தேகத்தை வாய்விட்டுச் சொல்ல ஆளே இருக்கமாட்டார்கள். எஞ்சியவர்களிடம் சாமி ‘நீங்கள்தான் உண்மையானவர்கள்’ என்று சொல்லியிருப்பார்.

1978 நவம்பர் 18 அன்று கயானா நாட்டின் ஜோன்ஸ்டவுனில் நடந்ததை அறிந்திருப்பீர்கள். அமெரிக்க மதத் தலைவர் ஜிம் ஜோன்ஸின் கூட்டத்தில் வீட்டையும் ஓய்வூதியத்தையும் எழுதிக் கொடுத்தவர்கள் இருந்தார்கள். 900க்கும் மேற்பட்டோர் நஞ்சால் இறந்ததைக் கண்மூடித்தனமான விசுவாசம் என்றே பலர் சொல்கிறார்கள். அது முழு உண்மையன்று. சுற்றிலும் ஆயுதக் காவல் இருந்தது. இறந்தவர்களில் 300க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். முந்தைய நாள், அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் லியோ ரயனோடு வந்தவர்களிடம், தங்களை வெளியே கொண்டுபோகச் சொல்லி இருவர் துண்டுச் சீட்டு கொடுத்தார்கள். மறுநாள் மேலும் சிலர் அவரோடு கிளம்பினார்கள். ரயன் விமானத் திடலில் சுட்டுக் கொல்லப்பட்டார் என்றாலும், வெளியிலிருந்து ஆள் வந்து நிற்கும்வரை அவர்கள் மனத்தில் இருந்தது யாருக்கும் தெரியவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஆகவே சாமியைப் பற்றி அக்காவிடம் வழக்காடாதீர்கள். நீங்கள் தாக்கத் தாக்க அவர் வக்கீலாகிவிடுவார். விலகியவர்களில் அக்காவுக்குப் பிடித்த ஒருவரை, சாமி பேச்சு எடுக்காமல், வீட்டுக்குத் தேநீருக்கு அழையுங்கள். இந்தத் தீபாவளிக்கு முறுக்கு மாவு பிசைய அக்காவைத்தான் கூப்பிட வேண்டும். உங்கள் வீட்டுச் சாவி ஒன்றையும் அவரிடமே கொடுத்து வையுங்கள். ‘அன்றே சொன்னேனே’ என்ற வாக்கியத்தை உங்கள் வீட்டில் யாரும் சொல்லக் கூடாது என்று உங்கள் கணவரிடமும் பிள்ளைகளிடமும் இப்போதே சொல்லிவிடுங்கள்.

பண விஷயத்தில் மட்டும் இளக வேண்டாம். கடன் கேட்டால் கொடுக்காதீர்கள், அரிசி பருப்பு வாங்கிக் கொடுங்கள். அங்கே குழந்தைகளோ பெண்களோ துன்புறுத்தப்படுவதாகக் காதில் விழுந்தால், அக்கா கோபித்துக்கொண்டாலும் போலீசில் சொல்லுங்கள். அக்காவின் வீடு அவர் பெயரில் இருந்தால், எந்தத் தாளிலும் கையெழுத்திடுமுன் வக்கீல் ஒருவர் படித்துப் பார்க்கட்டும் என்று கேளுங்கள். 30 ஆண்டு கணக்கெழுதியவருக்கு அந்தப் பேச்சு புரியும்.