நாய்க்குட்டியைக் கண்டால் விடமாட்டேன் என்கிறான்!

கேள்வி: என் மகனுக்கு மூன்று வயது. நாய், பூனை, கோழி, ஆடு என எதைக் கண்டாலும் ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கிறான். தெருநாய்க் குட்டிகளுக்குத் தன் பிஸ்கட்டை ஊட்டிவிடுகிறான். நாய் முடி வயிற்றுக்குள் போனால் ஆபத்து என்கிறார் மாமியார். வீசிங் வரும் என்கிறார் கணவர். நான்கு நாள் முன்பு ஒரு குட்டியின் பல் விரலில் கீறி லேசாக ரத்தம் வந்தது. மஞ்சள் வைத்தோம், ஆறிவிட்டது. இந்தப் பழக்கத்தை எப்படி நிறுத்துவது? பதிலுக்கு ஒரு கிளி வாங்கிக் கொடுக்கலாமா?
– வாசகி, தென்காசி

பதில்: பழக்கத்தைப் பற்றி அப்புறம் பேசலாம் அம்மா. இதைப் படித்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அரசு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். ரத்தம் வந்த கீறல் சின்னதாக இருந்தாலும் நாய்க்கடிதான். குட்டி என்பதால் விலக்கு இல்லை. இரண்டு மாதக் குட்டிக்கும் ரேபிஸ் என்கிற வெறிநோய் இருக்கலாம். காயம் ஆறிவிட்டது என்பதும் கணக்கில் வராது. அந்தக் கிருமி நரம்பு வழியாக மெல்ல மூளைக்குப் போகும். பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று மாதம்வரை எடுத்துக்கொள்ளும். அதனால் நான்கு நாள் கழிந்தும் ஊசி பலன் தரும். அறிகுறி தெரிந்த பிறகோ பிழைப்பது அரிதிலும் அரிது.

தொப்புளைச் சுற்றி ஊசி போடும் காலம் மலையேறிவிட்டது. இப்போது அரசு மருத்துவமனைகளில் பொதுவாகத் தோலுக்குள் போடுகிறார்கள்: தொடங்கும் நாள், பிறகு 3, 7, 28-ஆம் நாட்கள். கட்டணம் கிடையாது. ரத்தம் வந்திருப்பதால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் மருந்தும் தேவை. முதல் ஊசியோடு சேர்த்து அதையும் கேட்டு வாங்குங்கள். பத்தியம் எதுவும் வேண்டாம், மீன் குழம்பு தாராளமாகச் சாப்பிடலாம். அந்தக் குட்டியைப் பத்து நாள் கண்காணியுங்கள், ஆனால் அதற்காக ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். இனி எந்தக் கீறல் பட்டாலும் மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காமல் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு முழுதாக 15 நிமிடம் கழுவ வேண்டும். அந்தக் கழுவலே பாதி வைத்தியம்.

சரி, பழக்கத்துக்கு வருவோம். அதை ஏன் நிறுத்த வேண்டும்? ஒன்றிலிருந்து மூன்று வயதுவரையுள்ள பிள்ளைகள் முன் பொம்மைகளையும், கண்ணாடிக்குள் உயிருள்ள மீன், வெள்ளெலி போன்றவற்றையும் வைத்து அமெரிக்க ஆய்வாளர்கள் செய்த ஆய்வு ஒன்று 2013-ல் வெளியானது. பிள்ளைகள் உயிருள்ளதைத்தான் அதிகம் நாடினார்கள். கூட்டத்தில் பாம்பும் சிலந்தியும்கூட இருந்தன. உங்கள் மகன் செய்வது அந்த வயதுக்கு இயல்பு.

எனக்குக் கவலை வேறு. ‘நாய்கிட்டப் போனா முதுகுத் தோலை உரிச்சிடுவேன்’ என்று மிரட்டி வளர்த்தால் பிள்ளை போவதை நிறுத்தாது, சொல்வதைத்தான் நிறுத்தும். கடிபட்டதை அடிக்குப் பயந்து மறைத்த குழந்தைகளைப் பிறகு நோயோடு கொண்டுவருகிறார்கள். அதனால் ‘கீறல் பட்டா உடனே அம்மாகிட்டச் சொல்லு, திட்டமாட்டேன்’ என்று அவனிடம் அடிக்கடி சொல்லுங்கள். சொன்ன அன்றைக்குத் திட்டாமலும் இருங்கள், அதுதான் கஷ்டம்.

கட்டிப்பிடிப்பதை மட்டும் மாற்றுங்கள். நமக்கு அன்பாகத் தெரிவது நாய்க்கு மூச்சுமுட்டல். நாய் பல்லைக் காட்டினால் சிரிக்கிறது என்று நினைக்கிற வயது இது. உயரமும் நாயின் வாய்க்கு நேராக இருப்பதால் சிறு பிள்ளைகளுக்கு முகத்திலும் தலையிலும்தான் கடி விழும். சாப்பிடும் நாய், தூங்கும் நாய், குட்டி போட்ட நாய் மூன்றையும் தூரத்திலிருந்து பார்க்கட்டும். தெருநாயைத் தொடுவது வேண்டவே வேண்டாம். பிஸ்கட் போட வேண்டுமானால் நீங்கள் தட்டில் வைத்து விலகி வாருங்கள், அவன் பார்க்கட்டும். ஊசி போட்ட வீட்டு நாயாக இருந்தால், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அதுவே அருகில் வரும்வரை காத்திருந்து மூன்று எண்ணும் நேரம் கழுத்தோரம் தடவிவிட்டுக் கையை எடுக்கச் சொல்லுங்கள். நாய் மறுபடி ஒட்டி வந்தால் இன்னொரு முறை தடவலாம். விலகிப் போனால் விளையாட்டு முடிந்தது. இதை மூன்று வயதில் நன்றாகவே கற்றுக்கொள்வார்கள்.

மாமியாரிடம் சொல்லுங்கள்: முடி வயிற்றுக்குள் போனால் வெளியே வந்துவிடும். பயப்பட வேண்டியது நாயின் கழிவு கலந்த மண்ணில் கிடக்கும் புழு முட்டைக்கு. விளையாடி வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுவதும், அங்கன்வாடியில் தரும் குடற்புழு மாத்திரையைத் தவறவிடாததும் போதும். கணவருக்கு: ஸ்வீடன் பிள்ளைகளை வைத்துச் செய்து 2015-ல் வெளியான பெரிய ஆய்வில், முதல் வயதிலேயே நாயோடு வளர்ந்த பிள்ளைகளுக்குப் பள்ளி வயதில் ஆஸ்துமா சற்றுக் குறைவாகவே இருந்தது. ஏற்கெனவே இழுப்பு உள்ள பிள்ளை என்றால் மட்டும் குழந்தை மருத்துவரைக் கேட்டு முடிவெடுங்கள்.

கிளி வேண்டாம். நம் பச்சைக்கிளியைக் கூண்டில் வைத்திருப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வளர்த்தே ஆக வேண்டுமென்றால் முறையாகத் தடுப்பூசி போட்ட ஒரு நாட்டு நாய்க்குட்டியை எடுங்கள். ஆனால் உங்கள் மகன் 28-ஆம் நாள் ஊசியையும் போட்டு முடிக்கட்டும்.