பாட்டு வருகிறது, எழுத்து வரவில்லை

கேள்வி: தேவகோட்டையிலிருந்து ஒரு தாய் எழுதுகிறார். "என் மகனுக்கு நான்கு வயது ஆகிறது. உயிரெழுத்துப் பாட்டைக் கைப்பேசியில் பார்த்துப் பார்த்து, அ முதல் ஃ வரை ஒரு பிழையும் இல்லாமல் பாடுகிறான். ஆனால் 'இ' அட்டையைத் தனியாகக் காட்டினால் விழிக்கிறான். ல, ள, ழ மூன்றும் அவன் வாயில் ஒன்றாகத்தான் வருகின்றன. என் மாமியார் அவனுக்கு நிறையப் பாடுவார்கள். எந்த மாதிரிப் பாட்டைப் பாடினால் எழுத்தின் ஒலி மனத்தில் நிற்கும்?"

பதில்: உங்கள் மகனுக்கு அந்தப் பாட்டு முழுவதும் ஒரே நீளமான சொல். மெட்டு ஓர் எழுத்தை அடுத்த எழுத்தோடு ஒட்டிவிடுவதால், 'எ'யிலிருந்து தொடங்கிப் பாடச் சொன்னால் அவன் மறுபடி 'அ'வுக்கே போய்த்தான் வருவான். ஆங்கில எழுத்துப் பாட்டிலும் எல், எம், என், ஓ, பி என்னும் ஐந்தும் ஒரே சொல்லைப் போல ஓடிவிடுவதைக் கேட்டிருப்பீர்கள். இது குறை என்று எண்ண வேண்டாம்; வரிசை தெரிந்திருப்பது பின்னால் உதவும். ஆனால் ஒரு சொல்லைக் கேட்டதும் அதன் தலையில் எந்த ஒலி நிற்கிறது என்று காது பிரித்தெடுப்பது வேறு திறமை, அதற்கு வேறு வகைப் பாட்டு வேண்டும். ஒரே ஒலி, ஒரே இடத்தில், திரும்பத் திரும்ப வரும் பாட்டாக அது இருக்க வேண்டும்.

இதற்கான கருவி நம் செய்யுள் மரபிலேயே இருக்கிறது. அடியின் முதலெழுத்து ஒன்றி வருவது மோனை. இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது எதுகை. மோனையிலிருந்து தொடங்குங்கள். 'ப'வுக்காக நான் பிள்ளைகளிடம் பாடுவது இது:

பத்துப் பணியாரம்
பட்டுப்போல் பணியாரம்
பசிக்குது பசிக்குது
பங்கு வை அப்பத்தா

கடைசி இரண்டு சொற்களைத் தவிர மற்ற ஒவ்வொரு சொல்லும் 'ப' என்றே தொடங்குவதைப் பாருங்கள். 'பா', 'பூ', 'போ' என்று தொடங்கும் சொல் எதையும் சேர்க்கவில்லை. காதுக்கு அவை நெருக்கமானவைதான், ஆனால் நாளை அட்டையில் நீங்கள் காட்டப்போவது 'ப' என்னும் ஒரு வடிவத்தை. 'பூ' கண்ணுக்கு வேறு எழுத்து. சொற்களைத் தேர்வதில் இன்னொரு கவனமும் வேண்டும். தமிழில் ஓர் எழுத்துக்குப் பல ஒலிகள் உண்டு. பலூன், பஸ், பயம் ஆகியவற்றை நாம் சொல்லும்போது தொண்டை அதிர்ந்து வரும் ஒலி பணியாரத்தின் ஒலி அன்று. அதே போல, கல்லில் வரும் 'க' வேறு, பகலில் வரும் 'க' வேறு. எழுதப் பழகிய நமக்கு இந்த வேறுபாடு காதில் விழுவதே இல்லை. குழந்தைக்குத் தெளிவாக விழும், விழுந்து குழப்பும். ஆகவே முதல் சில மாதங்களுக்கு ஓர் எழுத்துக்கு ஓர் ஒலி என்று வைத்துக்கொண்டு, நீங்களே உரக்கச் சொல்லிப் பார்த்துச் சொற்களைப் பொறுக்குங்கள். உதடு சேர்வது கண்ணுக்கும் தெரியும் என்பதால் 'ப', 'ம' இரண்டையும் முதலில் எடுப்பது நல்லது. ங, ஔ, ஃ ஆகியவற்றுக்கு இப்போது அவசரமே இல்லை.

பாடும் முறைதான் பாட்டைவிட முக்கியம் என்பது என் அனுபவம். இரண்டு மூன்று நாள் முழுதாகப் பாடிக் காட்டியபின், நான்காம் நாள் "பத்துப்..." என்று நிறுத்தி, அவன் முகத்தைப் பார்த்துக் காத்திருங்கள். அந்த இரண்டு வினாடி மௌனத்தில்தான் அவன் காது வேலை செய்கிறது. "பணியாரம்" என்று அவன் முடித்தால் அடுத்த முறை வேண்டுமென்றே "பத்து அதிரசம்" என்று மாற்றிப் பாடுங்கள், "இல்லை, அது தப்பு!" என்று அவன் கத்தினால், தொடக்க ஒலி பொருந்தாததை அவன் உணரத் தொடங்கியிருக்கலாம். அது உறுதியாக, பணியாரத்துக்குப் பதில் ஒரு முறை 'பழம்', ஒரு முறை 'முறுக்கு' என்று போட்டு, எது பாட்டில் சேரும் என்று கேளுங்கள். பழம் என்று சொல்லிவிட்டான் என்றால் பாட்டு தன் வேலையைச் செய்துவிட்டது. ஒரு வாரம் ஒரே பாட்டு, ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் போதும்.

குறில், நெடில் வேறுபாட்டுக்குக் கையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கண் இமைக்கும் நேரமும் கை நொடிக்கும் நேரமும் ஒரு மாத்திரை என்றும், குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்றும் தொல்காப்பியம் அளந்து வைத்திருக்கிறது. அந்த அளவைக் குழந்தையின் தொடையிலேயே காட்டலாம்:

பல் என்றால் தட்டு
பால் என்றால் நீட்டு
கல் என்றால் தட்டு
கால் என்றால் நீட்டு

குறிலுக்குத் தொடையில் ஒரு தட்டு. நெடிலுக்குத் தட்டிய கையை முழங்கால் வரை இழுக்க வேண்டும். படம், பாடம், மலை, மாலை, வடை, வாடை என்று இதை நீட்டிக்கொண்டே போகலாம்.

இனி ல, ள, ழ. இங்கே மோனை உதவாது, ஏனென்றால் ளகரமும் ழகரமும் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வருவதில்லை. இரண்டாம் எழுத்தில் அவற்றை வைத்து எதுகையால் பாட வேண்டும்:

மழையோ மழை
வழிக்கும் மழை
குழிக்கும் மழை
புழுவுக்கும் மழை

நம் வீடுகளில் மழை வளவுக்குள், அதாவது நடுமுற்றத்துக்குள், கொட்டும் அழகைப் பார்த்தால், அதையும் ஒரு அடியாகச் சேர்க்கத் தோன்றும். சேர்க்காதீர்கள். மழையில் இருப்பது ழ, வளவில் இருப்பது ள. பிரிக்க வேண்டிய இரண்டும் ஒரே அடியில் வந்தால் காது இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். வளவு, குளம், களம் ஆகியவற்றைச் சில வாரம் கழித்துத் தனிப் பாட்டாக்குங்கள். ல-வுக்கு நாக்கின் நுனி மேல்பல்லின் அடியைத் தொடும். ள-வுக்கு மடங்கி அண்ணத்தைத் தொடும். ழ-வுக்கு மடங்கிப் போய், தொடாமல் நிற்கும். இதைக் கண்ணாடி முன் விளையாட்டாகக் காட்டலாம். ஆனால் அவன் "மளை" என்றால் திருத்த வேண்டாம், நீங்கள் "ஆமாம், மழை" என்று சரியாகச் சொல்லிவிட்டுப் பாட்டைத் தொடருங்கள். ழகரம் பல குழந்தைகளுக்குத் தாமதமாகத்தான் வரும். நம் பக்கத்துப் பெரியவர்கள் பலரும் பேச்சில் ளகரமாகவே சொல்வதால், அவன் கேட்பதும் குறைவு. வீட்டுக்கு வெளியே உள்ளவர்களுக்கும் அவன் பேச்சு பெரும்பாலும் புரியவில்லை என்றாலோ, கூப்பிட்டால் திரும்புவதில்லை என்றாலோ மட்டும், தள்ளிப்போடாமல் காது மருத்துவரிடம் காட்டுங்கள்.

அட்டையை இந்த வாரம் எடுத்து வைத்துவிடுங்கள். பணியாரத்தையும் பழத்தையும் அவன் காது சேர்த்தபின், ஒரு தாம்பாளத்தில் அரிசி மாவைப் பரப்பி, பாட்டைப் பாடிக்கொண்டே ஒவ்வொரு அடிக்கும் ஒரு 'ப' விரலால் எழுதிக் காட்டுங்கள். பிறகு அவன் விரலைப் பிடித்து எழுதுங்கள். உங்கள் மாமியாரிடம் வேறு எதையும் மாற்றச் சொல்ல வேண்டாம். "பங்கு வை" என்று அவன் கேட்கும்போது, தாம்பாளத்தில் ஒரு 'ப' எழுதிக் காட்டினால்தான் பங்கு என்று மட்டும் அப்பத்தா சொல்லட்டும்.