நுகர்வோர் கேள்வி-பதில்: ‘இதயம் காக்கும்’ டப்பா

மீன் முள் குத்திய கால் சீழ் பிடித்து, அப்பா ராமநாதபுரத்தில் ஐசியூவில் இருக்கிறார். “கிருமி ரத்தத்தில் ஏறினால் இதயம் தளரும், வைட்டமின் சி, ஈ மாத்திரைதான் காக்கும்” என்று ஒருவர் 4,800 ரூபாய்க்கு இரண்டு டப்பா கொடுத்தார். பில் இல்லை. கொடுக்கலாமா? – பாம்பன்

கொடுக்காதீர்கள். டப்பாவை டாக்டரிடம் காட்டுங்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் அதையும் சொல்லுங்கள். வைட்டமின் சி அளவு மிஞ்சினால் சில குளுக்கோமீட்டர்கள் சர்க்கரையைத் தப்பாகக் காட்டும். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவருக்கு வைட்டமின் ஈ அதிகமானால் ரத்தக்கசிவு ஆபத்து.

விற்றவர் சொன்னதில் பாதி உண்மை. கடுமையான தொற்றில் இதயத் தசை தளர்வதும், செல்லுக்குள் இருந்து சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியா கெடுவதும் நடப்பதுதான். மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போய்ச் சேரும்படி தனியாகச் செய்த வைட்டமின் ஈ, எலிகளிடம் பலன் காட்டியது. அது கடை டப்பாவில் இருப்பது அல்ல. மனிதர்களிடம் என்ன ஆனது? 2022இல் வெளியான லோவிட் ஆய்வில், செப்சிஸால் (தொற்று முற்றி உறுப்புகள் கெடும் நிலை) ஐசியூவில் கிடந்த 872 பேரில் ஒரு பாதிக்கு வைட்டமின் சியை நரம்பில் ஏற்றினார்கள். 28 நாளில் இறந்தவர்களும் உறுப்பு செயலிழப்பு நீடித்தவர்களும் வைட்டமின் பெற்றவர்களில் 44.5 சதவீதம், பெறாதவர்களில் 38.5 சதவீதம். அப்பாவின் இதயத்தைக் காப்பது நேரத்துக்கு ஏறும் ஆன்டிபயாட்டிக், சீழை வெளியேற்றுவது, ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் சிகிச்சை.

ஐசியூ வாசலில் நிற்பவரிடம் பயத்தைக் காட்டி விற்பதைப் போன்ற கொடுமை வேறில்லை. என் தாயார் படுத்திருந்தபோது நானும் இப்படி ஒரு ‘இதய டானிக்’ வாங்கினேன். பில் கேட்ட நாளிலிருந்து விற்றவர் போனை எடுக்கவில்லை. இதயநோயைத் தீர்க்கும் என்று மருந்தை விளம்பரம் செய்வதையே 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஊட்டச்சத்து டப்பா என்றாலும், பொய் விளம்பரத்துக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

பில் இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். ஜிபே ரசீது, அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, டப்பாவின் போட்டோ எல்லாம் சாட்சிதான். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசுங்கள். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். முதலில் அப்பா வீடு திரும்பட்டும்.

ஆன்லைனில் பாதி விலைக்கு வைட்டமின் ஈ வாங்கினேன். பாதி தீர்ந்த பிறகுதான் காலாவதி தேதி முடிந்தது தெரிந்தது. பணம் திரும்புமா? – கீழக்கரை

கேட்டுப் பாருங்கள்; காலாவதியான சரக்கை விற்றது அவர்கள் தப்பு. ஆனால் பாதி டப்பா தீரும்வரை தேதியைப் பார்க்காதது யார் தப்பு? இதயத்துக்காகவென்றால் இனி வாங்கவே வேண்டாம். ஆண்டுக்கணக்கில் நடந்த பெரிய ஆய்வுகளில் வைட்டமின் ஈ மாரடைப்பைக் குறைக்கவில்லை.

கடல்பாசி எடுக்கும்போது பாரில் (பவளப் பாறையில்) கை கிழிகிறது. தினமும் வைட்டமின் சி போட்டால் சீழ் பிடிக்காதாமே? – சின்னப்பாலம்

பிடிக்கும், அக்கா. அந்தக் காசுக்கு நல்ல கையுறை வாங்குங்கள். காயத்தை நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். காயம் சிவந்து வீங்கிக் காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. மூச்சு வாங்கினாலோ, பேச்சு குழறினாலோ 108.