மனநலம் சரியில்லை என்று சொன்னால் வழக்கிலிருந்து தப்பிவிடலாமா?

கேள்வி: அமெரிக்காவில் சிலரை விசாரிக்காமல் மனநல மருத்துவமனைக்கு அனுப்பிவிடுகிறார்கள். இது தண்டனையிலிருந்து தப்பிக்க ஒரு வழிதானே?

இல்லை. வழக்கு அப்படியே நிற்கும், ஆள் தெளிந்ததும் மறுபடி தொடங்கும். அங்கே ஒரு மாநில மருத்துவமனையில், நீதிமன்றம் இப்படி அனுப்புகிறவர்கள் இருக்கும் வார்டில் நர்ஸாக வேலை பார்த்ததால் சொல்கிறேன்.

குற்றம் நடந்த நேரத்தில் புத்தி எப்படி இருந்தது என்பது தனிக் கேள்வி, அது விசாரணையில் வரும். எங்களிடம் பார்ப்பது இன்றைய நிலையை மட்டும். 1960-இல் டஸ்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் வைத்த அளவுகோல்தான் இன்றும்: தன்மேல் என்ன வழக்கு என்று தெரிந்தால் மட்டும் போதாது, அதைத் தெளிவாக யோசிக்கவும் வக்கீலோடு கலந்து பேசவும் முடிய வேண்டும்.

காலையில் மாத்திரை, அப்புறம் வகுப்பு. நிஜமாகவே வகுப்புதான். நீதிபதியின் வேலை என்ன, ஜூரி எதை முடிவு செய்யும், குற்றத்தை ஒப்புக்கொண்டால் என்னென்ன உரிமை போகும் என்று பலகையில் எழுதிச் சொல்லித் தருவார்கள். மேசைகளை நகர்த்திப் போட்டு ஒத்திகை விசாரணையும் நடக்கும். ஒருவர் எதைக் கேட்டாலும் டாண் டாண் என்று பதில் சொல்வார்.

"உங்கள் வக்கீல் யார் பக்கம்?"

"என் பக்கம்."

"நடந்ததை அவரிடம் சொன்னீர்களா?"

"எப்படிச் சொல்வது? என் பல்லுக்குள் மைக் வைத்ததே அவர்தானே."

பாடத்தில் நூற்றுக்கு நூறு, டஸ்கியில் தேறமாட்டார். அந்த இடத்தில் வகுப்பு உதவாது, மருந்துதான் வேலை செய்ய வேண்டும்.

மருந்தே வேண்டாம் என்றால்? வழக்கு நடத்துவதற்காக மட்டும் ஒருவருக்குக் கட்டாயமாக மருந்து கொடுப்பது சுலபமில்லை. மோசடி வழக்கில் சிக்கிய செல் என்ற பல் மருத்துவர் விஷயத்தில், 2003-இல் உச்ச நீதிமன்றம் கடுமையான நிபந்தனைகள் போட்டது. வழக்கு முக்கியமானதாக இருக்க வேண்டும், மருந்தால் தெளிய நல்ல வாய்ப்பு வேண்டும், வேறு வழி இருக்கக் கூடாது, அது அவர் உடம்புக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும்.

தப்பிப்பது பற்றிக் கேட்டீர்களே, 2011 ஜனவரியில் டூசானில் 6 பேரைச் சுட்டுக் கொன்ற லாஃப்னரை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மே மாதமே விசாரணைக்குத் தகுதியில்லை என்றார்கள். சிறை மருத்துவமனையில் சிகிச்சை நடந்தது. 2012 ஆகஸ்டில் தெளிந்து, குற்றத்தை ஒப்புக்கொண்டார். தண்டனை 7 ஆயுள், கூடவே 140 ஆண்டு.

எனக்குக் கவலை இதற்கு நேர்மாறானது, சில்லறை வழக்கில் வந்து மாட்டிக்கொள்கிறவர்கள். இந்தியானாவில் ஜாக்சன் என்பவருக்குக் காது கேட்காது, பேச்சு வராது, எழுதப் படிக்கவும் தெரியாது. இரண்டு வழிப்பறி, மொத்தம் 9 டாலர். தேறும்வரை உள்ளே என்றது மாநிலம். தேற வழியே இல்லை என்பது டாக்டர்களுக்குத் தெரியும். தேறுவாரா என்று பார்க்கத் தேவையான நியாயமான காலத்துக்கு மேல் அடைத்துவைக்கக் கூடாது என்று 1972-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எத்தனை மாதம் நியாயம் என்று சொல்லவில்லை, மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

அதற்கும் முன்னால், மருத்துவமனையில் படுக்கை கிடைக்கும்வரை ஜெயிலில் காத்துக் கிடப்பது. அங்கே வகுப்பும் இல்லை, சரியான சிகிச்சையும் இல்லை. வாஷிங்டன் மாநிலத்தில் 7 நாளுக்குள் சேர்க்க வேண்டும் என்று 2015-இல் ஃபெடரல் நீதிபதி உத்தரவிட்டார். மாநிலம் செய்யவில்லை; 2023-இல் 10 கோடி டாலருக்கு மேல் அபராதம் கட்டச் சொன்னார்.