அப்டேட் போட்டதும் பிளக்இன் ஏன் படுத்துவிடுகிறது?

ஈரோடு, பெருந்துறை, கோபி மஞ்சள் விலையைத் தினமும் உங்கள் இணையதளத்தில் போடுகிறீர்கள். அப்டேட்டுக்குப் பிறகு விலை அட்டவணை காட்டும் பிளக்இன், அதாவது தளத்தோடு சேர்த்து மாட்டும் துணை நிரல், வேலை செய்யவில்லை, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

சோமனூர்ப் பக்கம் தறி ஓட்டுபவர்களுக்கு இது சட்டென்று புரியும்ங்க. வெளிப் பட்டறையில் கடைந்து வாங்கிய உதிரிபாகம் பழைய தறியின் அளவுக்குச் செய்தது. தறியில் ஒரு தண்டு மாறினாலும் அது உட்காராது. பிளக்இன்னும் அப்படித்தான். தளத்துக்குள் இருக்கும் நிரல்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டே அது ஓடுகிறது. பெயரோ, திரும்பி வரும் விவரமோ மாறினால் நின்றுவிடும்.

2020 ஆகஸ்டில், இணையதளம் நடத்த உதவும் மென்பொருளான வேர்ட்பிரஸின் 5.5 பதிப்பு வந்தபோது இதுதான் நடந்தது. பழைய ஜேக்வெரி (வலைப்பக்கங்களை இயக்க உதவும் ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்பு) நிரல்களைத் தாங்கிப் பிடித்த ‘ஜேக்வெரி மைக்ரேட்’ என்ற இடைத்துண்டை இயல்பாக ஏற்றுவதை நிறுத்தினார்கள். அதை நம்பியிருந்த பல பிளக்இன்களும், தளத்துக்குத் தோற்றம் தரும் தீம்களும் பழுதாயின. கடைசியில் அதைத் திரும்பக் கொடுக்கவே தனியாக ஒரு பிளக்இன் வெளியிட வேண்டியதாயிற்று.

பழையதைக் கழிப்பது தேவைதான். ஆனால் முன்னறிவிப்பு நிரலாளர்கள் படிக்கும் இடத்தோடு நின்றுவிடுகிறது. விலை பார்த்து மூட்டையை வண்டியில் ஏற்றும் விவசாயிக்காகத் தளம் நடத்துபவருக்கு அது வந்து சேர்வதில்லை. எனக்கு ஆறாத கோபம் அதில்தான்.

இப்போதைக்கு, பேக்கப் இருந்தால் மீட்டெடுங்கள். இல்லையென்றால் பிளக்இன்கள் எல்லாவற்றையும் நிறுத்தி ஒவ்வொன்றாக இயக்குங்கள், எது சிக்கல் என்று தெரிந்துவிடும். அதை எழுதியவர் இரண்டு வருடமாகத் தொடவே இல்லையென்றால் வேறு தேடுங்கள். அடுத்த அப்டேட்டைத் தளத்தின் நகலில் ஓட்டிப் பார்த்துவிட்டு, ஏலம் இல்லாத ஞாயிற்றுக்கிழமையில் போடுங்கள்.