48 வயதில் வேலையை விடலாமா? 55 வரையுள்ள ஏழு வருடங்களை முதலில் பாருங்கள்

கேள்வி: எனக்கு வயது 44. யாழ்ப்பாணம் கொக்குவிலில் வசிக்கிறேன். தனியார் நிறுவனம் ஒன்றில் 18 வருடங்களாகக் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். அடிப்படைச் சம்பளம் 1 இலட்சத்து 20 ஆயிரம் ரூபாய். படிகள் சேர்ந்து, பிடித்தம் போகக் கையில் கிடைப்பது 1 இலட்சத்து 45 ஆயிரம். மனைவி அரச பாடசாலை ஆசிரியை. அவருக்கு 65 ஆயிரம் வருகிறது. வீட்டுச் செலவு மாதம் 1 இலட்சத்து 40 ஆயிரம். மகனுக்கு 13 வயது, மகளுக்கு 9. நிலையான வைப்பில் 42 இலட்சமும் சேமலாப நிதியில் 38 இலட்சமும் இருக்கின்றன. சொந்த வீடு, கடன் இல்லை. நீர்வேலியில் கிணற்றோடு 4 பரப்புக் காணி இருக்கிறது. 48 வயதில் வேலையை விட்டு வாழைத்தோட்டம் செய்ய ஆசை. கனடாவில் உள்ள அண்ணா, தேவைப்பட்டால் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். இது சரிவருமா?

பதில்: நீங்கள் நினைப்பதுபோல் முழுதாக ஓய்வு பெறுவது சரிவராது. ஆனால் 48இல் இந்த வேலையை விடுவது சரிவரும். இரண்டும் வேறு வேறு.

42ஐயும் 38ஐயும் கூட்டி 80 இலட்சம் என்று மனதில் வைத்திருக்கிறீர்கள் என்று உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது தோன்றுகிறது. அப்படிக் கூட்டக் கூடாது. ஊழியர் சேமலாப நிதியை ஓய்வுக்காக எடுக்க ஆணுக்கு 55 வயதாக வேண்டும், பெண்ணுக்கு 50. வேலையை விட்டதற்காக அந்தப் பணம் உங்கள் கைக்கு வராது. ஆகவே 48 முதல் 55 வரையான ஏழு வருடங்களை வைப்புப் பணமும் மனைவியின் சம்பளமும்தான் சுமக்க வேண்டும். அந்த ஏழு வருடங்கள் எப்படிப்பட்டவை என்று பாருங்கள்: மகனுக்கு 17 முதல் 24 வயது வரை, மகளுக்கு 13 முதல் 20 வரை. இரண்டு பிள்ளைகளின் உயர்தரமும் ரியூசனும், மகனின் பட்டப்படிப்பும் அதற்குள் வந்துவிடுகின்றன. குடும்பத்தின் மிகச் செலவான காலத்தில் வருமானத்தை நிறுத்தப் போகிறீர்கள்.

கணக்கைப் போட்டுப் பார்த்தேன். வைப்பு வட்டி 8 சதவீதம், விலைவாசி உயர்வு மத்திய வங்கி இலக்கு வைத்திருக்கும் 5 சதவீதம், மனைவியின் சம்பள உயர்வு 3 சதவீதம் என்று வைத்துக்கொண்டேன். இப்போது மாதம் மிஞ்சும் 70 ஆயிரத்தையும் தவறாமல் சேர்த்தால், 48 வயதில் வைப்பு ஏறத்தாழ 96 இலட்சமாகும். ஆனால் இன்றைய 1 இலட்சத்து 40 ஆயிரம் ரூபாய்ச் செலவு அப்போது 1 இலட்சத்து 70 ஆயிரமாகியிருக்கும். 55இல் 2 இலட்சத்து 39 ஆயிரம். வட்டி போதாமல் வருடாவருடம் வைப்புப் பணத்திலேயே கைவைப்பீர்கள். 55இல் மிஞ்சுவது 40 இலட்சத்துக்குச் சற்று மேல். மகனை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பும் யோசனை வந்தால் அதுவும் இல்லை.

இதெல்லாம் விலைவாசி ஒழுங்காக நடந்தால்தான். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டதை நாம் அனுபவித்தோம். அதன் பிறகு 20 சதவீதத்துக்கு மேல் வட்டி கிடைத்த வைப்புகள் முதிர்ந்தபோது, அதே பணத்தைப் பாதிக்கும் குறைவான வட்டிக்குத்தான் மீண்டும் போட முடிந்தது. வட்டி முழுவதையும் செலவழிப்பவரை இந்த ஏற்ற இறக்கம் நேராகத் தாக்கும். வட்டியில் ஒரு பகுதியையாவது முதலோடு சேர்த்துக்கொண்டே வர வேண்டும்.

இனி வழியைச் சொல்கிறேன். உங்கள் கையில் கணக்கு எழுதும் தொழில் இருக்கிறது. சுன்னாகத்திலும் திருநெல்வேலியிலும் யாழ்ப்பாண நகரத்திலும் எத்தனையோ கடைகளும் சிறு நிறுவனங்களும் முழுநேரக் கணக்காளர் வைக்க வசதியில்லாமல், வரிப் படிவம் வந்ததும் தடுமாறுகின்றன. வாரத்தில் இரண்டு மூன்று நாள் அந்த வேலையைச் செய்து மாதம் 40 ஆயிரம் ரூபாய் உழைத்தால் போதும். 55இல் மிஞ்சுவது 80 இலட்சத்தைத் தாண்டும். முழு ஓய்வில் மிஞ்சுவதன் இரு மடங்கு! மற்ற நாட்களில் தோட்டத்தில் நில்லுங்கள்.

தோட்டத்தைப் பற்றியும் மனம் திறந்து சொல்ல வேண்டும். 4 பரப்பு என்பது கால் ஏக்கர். நீர்வேலிச் செம்மண் வாழைக்குப் பேர் போனது, உங்கள் ஆசையில் பிழையில்லை. ஆனால் குலை தள்ளி, முட்டுக்கொடுத்து நிற்கும் மரங்களை கார்த்திகை மாதத்துக் காற்று ஒரே இரவில் சரித்துவிடும். விடிந்து போய்ப் பார்த்தால் முற்றாத குலைகள் சேற்றில் கிடக்கும். அவற்றைச் சந்தையில் யாரும் எடுக்க மாட்டார்கள். 2021இல் இரசாயன உர இறக்குமதியைத் தடுத்தபோது விவசாயிகள் பட்ட பாடும் மறக்கக் கூடியதல்ல. ஆகவே தோட்ட வருமானத்தைத் திட்டத்தில் பூச்சியம் என்றே எழுதுங்கள். வருவது வரட்டும், அடுக்களைச் செலவு குறைந்தாலே இலாபம்தான். வேலையை விடும்வரை காத்திராமல் இந்த வருடமே ஒரு பரப்பில் தொடங்குங்கள். இறைப்புக்கும் கூலிக்கும் என்ன போகிறது என்று அப்போதுதான் தெரியும்.

நீங்கள் குறிப்பிடாத பணமும் இருக்கிறது. ஐந்து வருடம் பூர்த்தியான ஊழியருக்கு, நிறுவனத்தில் 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்தால், வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் பணிக்கொடையாகச் சேர வேண்டும் என்பது 1983ஆம் ஆண்டுச் சட்டம். 22 வருட சேவைக்கு, இன்றைய அடிப்படைச் சம்பளத்திலேயே 13 இலட்சத்து 20 ஆயிரம் ரூபாய். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்தில் உங்கள் சம்பளத்துக்கு நிறுவனம் கட்டிய 3 சதவீதத்தையும் வேலையை விட்டதும் கோரலாம். இந்த இரண்டையும் அன்றாடச் செலவில் கலக்க வேண்டாம். பிள்ளைகளின் படிப்புக்கென்று தனியே போடுங்கள்.

வைப்பை ஒரே வங்கியில் குவிக்க வேண்டாம். வங்கி முடங்கினால் கைகொடுக்கும் வைப்புக் காப்புறுதி, ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் வரைதான். மீதியில் ஒரு பகுதியை, அரசு கடன் வாங்க வெளியிடும் திறைசேரி உண்டியல்களில் வைக்கலாம். அதிக வட்டி தருகிறோம் என்று அழைக்கும் நிதி நிறுவனங்களின் பக்கம் போகவே வேண்டாம். வட்டியில் 10 சதவீத வரியைப் பிடிக்கிறார்கள். உங்கள் வருட வருமானம் 18 இலட்சத்துக்குக் குறைந்ததும் வங்கியில் சுய பிரகடனம் கொடுத்து அதைத் தவிர்க்கலாம். நிறுவனத்தின் மருத்துவக் காப்புறுதி வேலையோடு போய்விடும். அரச ஊழியர் என்ற வகையில் மனைவிக்குள்ள 'அக்ரஹார' மருத்துவக் காப்புறுதியில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

அண்ணாவின் அன்பில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அங்கே அவருக்கும் வீட்டுக் கடனும் பிள்ளைகளும் இருக்கக்கூடும். அவர் அனுப்புவதை வருமானமாக எழுதினால், அது வராத மாதத்தில் பணத்தோடு உறவும் கெடும்.

கடைசியாக, இந்தத் திட்டம் முழுவதும் உங்கள் மனைவியின் சம்பளத்தின் மேல்தான் நிற்கிறது. அவர் என்ன நினைக்கிறார் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. இன்னும் எத்தனை வருடம் படிப்பிக்க விரும்புகிறார் என்று அவரிடமே கேளுங்கள். அவர் முன்கூட்டியே ஓய்வு பெற எண்ணினால் மேலே சொன்ன கணக்கு எதுவும் நிற்காது. அவருடைய பதிலோடு மீண்டும் எழுதுங்கள், புதிதாகப் போட்டுப் பார்க்கிறேன்.