பலம் 6 விழுந்துவிட்டது, இனி என்ன? – கேள்வி பதில்

நவம்பர் பிறந்தால் உப்புவெளியில் கடல் இரையத் தொடங்கிவிடும். வெள்ளைக்காரர் வரமாட்டார்கள், மைத்துனரின் விடுதியில் அறைகள் பூட்டியே கிடக்கும். பின்விறாந்தையில் இருக்கும் நீள மேசை அப்போது எங்களுக்குத்தான். நாலு மாரியாக அங்கேதான் டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் நடத்துகிறேன். ஆளுக்கொரு பாத்திரம் எடுத்து, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் விளையாட்டு அது; கதையை நடத்துபவர் மாஸ்டர். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் பலம், சுறுசுறுப்பு, உடற்கட்டு, புத்தி, விவேகம், கரிஸ்மா என்று ஆறு எண்கள். இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்: பகடை காலை வாரிவிட்டது. அவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். கணக்கெல்லாம் 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு விதிகளின்படி.

நாலு ஆறுபக்கப் பகடை உருட்டி, ஆகச் சிறியதை விட்டுவிட்டு மிச்சத்தைக் கூட்டும் முறையில் எண் எடுத்தோம். விழுந்த வரிசையிலேயே எழுத வேண்டும் என்கிறார் எங்கள் மாஸ்டர். எனக்குப் பலம் 6. நான் சங்கிலிக் கவசம் போட்ட வீரனாக வர ஆசைப்பட்டிருந்தேன், அண்ணா. – ஓர்ஸ் ஹில்

உங்களுக்கு மட்டும் வந்த சாபம் இல்லை, தம்பி. இந்த முறையில் ஓர் எண் 6 அல்லது அதற்குக் கீழே விழும் வாய்ப்பு 36இல் 1. ஒருவருடைய ஆறு எண்களில் ஒன்றாவது அப்படி விழுவது ஏறக்குறைய 16 சதவீதம். மேசையில் ஆறு பேர் இருந்தால் யாரோ ஒருவர் தலையில் விழத்தான் செய்யும்.

பலம் 6 என்றால் உருட்டும் எண்ணில் 2 கழியும். இருபது பக்கப் பகடையில் ஒரு புள்ளி 5 சதவீதம், ஆக நீங்கள் சாதாரண ஆளைவிட 10 சதவீதம் பின்னால் நிற்கிறீர்கள், அவ்வளவுதான். சங்கிலிக் கவசத்துக்குப் பலம் 13 வேண்டும். இல்லாமலும் போடலாம், ஆனால் வேகத்தில் 10 அடி போய்விடும். கவசத்தின் பாரம் 55 இறாத்தல். நீங்கள் சுமக்கக்கூடியது 90 இறாத்தல். மிச்சம் 35க்குள் வாள், கயிறு, சாப்பாடு எல்லாம் அடங்க வேண்டும். (குள்ளர் இனத்தை எடுத்தால் கனத்த கவசம் வேகத்தைக் குறைக்காது. மாஸ்டரிடம் மெல்லக் கேட்டுப் பாருங்கள்.) சுறுசுறுப்பு எண் நன்றாக விழுந்திருந்தால் கவசத்தை மறந்துவிட்டு வில்லையும் ரேப்பியர் வாளையும் எடுங்கள். இரண்டுக்கும் பலம் தேவையில்லை.

இன்னொரு விஷயம், பலர் கவனிப்பதில்லை. உதவி செய்யும் விதி உங்கள் எண்ணைப் பார்ப்பதே இல்லை. பலம் 16 உள்ள ஒருவருக்கு உருட்டும் எண்ணில் 3 கூடும்; மொத்தம் 15 தேவைப்படும் கதவை அவர் தூக்க 45 சதவீதம் வாய்ப்பு. பக்கத்தில் ஒருவர் உதவினால் தூக்குகிறவர் இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுப்பார், வாய்ப்பு 70க்கு ஏறும். உதவுகிறவரின் பலம் 6ஆ 16ஆ என்று அந்தக் கணக்கு கேட்காது.

போன மாரியில் எங்கள் மேசையில் ஒரு தங்கச்சி கிழட்டு எழுதுவினைஞராக விளையாடினாள். பலம் 5. கோட்டையின் இரும்புக் கதவைப் படைவீரன் தூக்க, “கதவு கொஞ்சம் மேலே வரும்போதெல்லாம் என் கைத்தடியை இடுக்கில் செருகுகிறேன், தம்பி மூச்சு வாங்கிக்கொள்ளட்டும்” என்றாள். கதவு ஏறியது. கைத்தடி முறிந்தது. அதற்குப் பிறகு ஐந்து சனிக்கிழமை அந்தக் கிழவர் கண்ட மரத்தையெல்லாம் புதுத்தடிக்காகத் தட்டிப் பார்த்துக்கொண்டு திரிந்தார். அவருடைய பலம் எத்தனை என்று இன்று கேட்டால் யாருக்கும் ஞாபகம் இருக்காது. தடியை எல்லாருக்கும் ஞாபகம்.

என் பாத்திரத்துக்குப் புத்தி 6. மந்தமாக இழுத்து இழுத்துக் கதைக்க வேண்டுமா? அப்படிக் கதைத்தால் எல்லாரும் சிரிக்கிறார்கள். – நிலாவெளி

முதல் நாள் சிரிப்பார்கள். மூன்றாம் நாள் நீங்கள் வாயைத் திறந்தாலே போனை எடுப்பார்கள். கிராமத்து ஆட்கள் மாதிரிக் கதைத்துக் காட்டுவதை நான் மேசையில் விடுவதே இல்லை. அது புத்திக் குறைவு இல்லை, நக்கல்.

புத்தி என்பது இந்த விளையாட்டில் ஞாபகம், படிப்பு, துப்புகளைக் கோத்துப் பார்ப்பது. கண் கூர்மையும் ஆளை எடைபோடுவதும் விவேகத்தின் பக்கம். ஆகவே புத்தி 6, விவேகம் 14 என்றால் எனக்குத் தெரிவது ஒரு கடற்கரை மனிதர். எழுத்துக் கூட்டத் தெரியாது, காற்று திரும்புவது முதலில் அவருக்குத்தான் தெரியும். பொய் சொல்பவனின் முகம் பிடிபடும், அவன் ஏன் பொய் சொல்கிறான் என்பது பிடிபடாது. இப்படி ஒருவருக்கு ஒரே ஒரு பழக்கம் கொடுங்கள். ஊர்ப் பெயர்களை எப்போதும் மாற்றிச் சொல்வார். அல்லது திட்டம் போடும்போது “நான் எந்த இடத்தில் நிற்க வேண்டும், அதை மட்டும் சொல்லுங்கள்” என்பார். குரலை மாற்றவே தேவையில்லை.

நான் கணக்கு ரீச்சர். என் பாத்திரத்துக்குப் புத்தி 7. மாஸ்டர் புதிர் போட்டால் எனக்கு உடனே விடை தெரிந்துவிடுகிறது. வாயை மூடிக்கொண்டு இருப்பதா? – லிங்கநகர்

வேண்டாம், ரீச்சர். சும்மா இருக்கவா சனிக்கிழமை பின்னேரம் வருகிறீர்கள்? விடையை மேசையில் சொல்லுங்கள், கதைக்குள் அதைக் கண்டுபிடிப்பது மந்திரவாதியாக இருக்கட்டும். இல்லையென்றால் உங்கள் பாத்திரம் தற்செயலாகத் தடுக்கி விழட்டும். நான் கன்னியா வெந்நீர்க் கிணறுகளை நினைத்து ஏழு கிணற்றுப் புதிர் ஒன்று வைத்தேன். சூட்டின் வரிசைப்படி தண்ணீர் அள்ள வேண்டும். புத்தி 7 உள்ள ஒருவர், “எனக்குக் குளிருது, ஆகச் சூடானதில் குளிக்கப் போகிறேன்” என்று ஒவ்வொன்றாகக் கையை விட்டுப் பார்த்தார். பாதிப் புதிர் அதிலேயே அவிழ்ந்துவிட்டது.

மந்திரவாதிக்கு உடற்கட்டு 7 போதுமா? – கிண்ணியா

போதாது. முதல் நிலையில் மந்திரவாதிக்குரிய 6இலிருந்து, உடற்கட்டு 7 என்பதற்காக 2 கழித்து உயிர்ப்புள்ளி 4. கோப்ளின் என்ற சின்னப் பூதத்தின் ஒரு வெட்டே சராசரி 5 புள்ளியைப் பறிக்கும். மந்திரத்தில் கவனம் சிதறாமல் இருக்கவும் இதே எண்தான் உருட்ட வேண்டும். எண்ணை இடம் மாற்ற விட்டால் 7ஐப் பலத்தில் போடுங்கள். விடாவிட்டால் ஆகப் பின்னால் நில்லுங்கள், யாராவது தடியனோடு சிநேகமாக இருங்கள்.

கரிஸ்மா 5. என் பாத்திரம் அசிங்கமானவளா? – மூதூர்

இல்லை, தங்கச்சி. தமிழில் கவர்ச்சி என்று எழுதப் போய் வந்த வினை இது. நாங்கள் ஆளுமை என்கிறோம். தான் இருப்பதை மற்றவர்களை உணரவைக்கும் வலு அது. அழகியாக இருங்கள். நீங்கள் சொன்ன யோசனையைப் பத்து நிமிடம் கழித்து இன்னொருவர் சொன்னால்தான் எல்லாரும் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான். எந்த அலுவலகத்திலும் பார்க்கலாம்.

நான் மாஸ்டர். ஒரு பெடியன் வேண்டுமென்றே எண்களைக் குறைத்துவிட்டு, “என் பாத்திரம் மடையன்தானே” என்று சொல்லி ஒவ்வொரு பொறியையும் மிதிக்கிறான். மற்றவர்கள் கடுப்பில் இருக்கிறார்கள். – உவர்மலை

அவனைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுத்துக் கதையுங்கள். விளையாட்டுக்குள் தண்டித்தால் திருந்தமாட்டான், அவனுக்கு வேண்டியதே அந்தக் கவனம்தான். புத்தி 6 உள்ளவனும் நெருப்புச் சுட்டால் அடுத்த முறை கையை நீட்டமாட்டான் என்று சொல்லுங்கள். “பாத்திரம் அப்படித்தான்” என்று சாட்டுச் சொன்னால், அந்தப் பாத்திரத்தை உருவாக்கியது யார் என்று கேளுங்கள். நான் இதைச் சரியாகச் செய்யாமல் ஒருமுறை ஒரு நல்ல குழுவையே இழந்தேன். பொறிக்கு மேல் பொறி வைத்துப் பழிவாங்கினேன், அடுத்த சனிக்கிழமை விறாந்தையில் நானும் மைத்துனரின் நாயும் மட்டும்.

மூன்று பகடை, விழுந்த வரிசை, மறு உருட்டல் கிடையாது. இப்படியும் விளையாடுவார்களா?

1974இல் கைகாக்ஸும் ஆர்னசனும் வெளியிட்ட முதல் விதிகளே அதுதான். சராசரி 10.5. ஆனால் அப்போது இந்த எண்கள் இன்றைய அளவுக்கு எல்லாவற்றையும் தீர்மானிக்கவில்லை. பலம் குறைந்தவனின் வாள்வீச்சில்கூட எதுவும் கழியாது. ஒரு மாரி மட்டும் செய்து பாருங்கள், பிடிக்கும்.

கனடாவிலிருந்து மச்சான் கொண்டுவந்த பகடையில் எப்போதும் சின்ன எண்தான் விழுகிறது. பழுதா? – சீனக்குடா

ஒரு கிளாஸ் தண்ணீரில் கரையும் மட்டும் உப்பைப் போட்டு அதில் மிதக்கவிடுங்கள். தட்டித் தட்டிச் சுழற்றும்போது திரும்பத் திரும்ப ஒரே முகம் மேலே வந்தால் உள்ளே காற்றுக்குமிழ் இருக்கலாம். கடல்தண்ணீர் போதாது, உப்புவெளியில் முயன்று ஒன்றைத் தொலைத்தவன் சொல்கிறேன்.